கிரிப்டூல் 2: இடமாற்று மறையெழுத்துக்கு எவ்வளவு உதவும், தமிழில் எங்கே இடறும்

இரகசியச் செய்தி எழுத அடிப்படையில் இரண்டு வழிகள்தான். ஒன்று, ஓர் எழுத்துக்குப் பதில் வேறோர் எழுத்தைப் போடுவது. மற்றொன்று, எழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு அவை நிற்கும் இடத்தை மட்டும் கலைப்பது. இந்த இரண்டாவது வகையைக் கற்கவும் செய்து பார்க்கவும் உடைத்துப் பார்க்கவும் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களில் முதலிடம் கிரிப்டூல் 2-க்குத்தான். ஆனால் அதை உருவாக்கியவர்கள் மனதில் இருந்தது ஆங்கிலமும் ஜெர்மனும். தமிழ் வாக்கியத்தை நேராக ஒட்டிப் பூட்டினால் ‘எழுத்து’ என்று நாம் நினைப்பது ஒன்று, அது எண்ணுவது வேறொன்று. இதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் இதைவிட நல்ல கருவி இல்லை.

கிரிப்டூல் 1998-ல் ஜெர்மனியின் டாய்ச்செ வங்கிக்குள் ஊழியர்களின் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காகத் தொடங்கப்பட்டது. பெர்ன்ஹார்ட் எஸ்லிங்கர் அதன் முன்னோடி. இன்று அது ஒரு குடும்பம்: பழைய கிரிப்டூல் 1, விண்டோஸில் மட்டும் ஓடும் கிரிப்டூல் 2, மேக்கிலும் லினக்ஸிலும் ஓடும் ஜேகிரிப்டூல், உலாவியிலேயே ஓடும் கிரிப்டூல் ஆன்லைன். எல்லாமே இலவசம், எல்லாமே திறமூலம். இங்கே பேசுவது முக்கியமாக இரண்டாவதைப் பற்றி.

கிரிப்டூல் 2-ல் நிரல் எழுத வேண்டாம். உரை உள்ளிடும் பெட்டி, சாவிச்சொல் (எந்த வரிசையில் கலைப்பது என்று தீர்மானிக்கும் சொல்) பெட்டி, பூட்டும் பெட்டி, விடைப் பெட்டி என்று திரையில் வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பி இழுத்தால் போதும். முதல் முறை அதைக்கூடச் செய்ய வேண்டாம். தொடக்கத் திரையில் உள்ள ஆயத்த மாதிரிகளில் டிரான்ஸ்பொசிஷன் (Transposition, இடமாற்றம்) என்று தேடினால் கம்பி இழுத்த நிலையிலேயே ஒன்று திறக்கும். மேலே உள்ள பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஓடும். ஓடிக்கொண்டிருக்கும்போது கம்பியை மாற்ற முடியாது, நிறுத்திவிட்டுத்தான் மாற்ற வேண்டும். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

இந்தப் பெட்டியின் உண்மையான பலம் அதன் அமைப்புகளில் இருக்கிறது. உரையைக் கட்டத்துக்குள் எழுதுவது வரிசையாகவா (இடமிருந்து வலம்) பத்தியாகவா (மேலிருந்து கீழ்), கலைப்பது வரிசைகளையா பத்திகளையா, வெளியே எடுப்பது வரிசையாகவா பத்தியாகவா என்று மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறது. மூன்றுக்கும் இரண்டிரண்டு விடை என்பதால் எட்டு வகைக் கலைப்பு. புத்தகங்களில் சொல்லும் வழக்கமான பத்தி இடமாற்றம் இந்த எட்டில் ஒன்றுதான்: வரிசையாக எழுது, பத்திகளைக் கலை, பத்தியாக எடு. பல இணையக் கருவிகள் இவற்றில் ஏதோ ஒன்றைத் தாங்களே முடிவுசெய்துவிட்டு வாயைத் திறப்பதில்லை. அனுப்புபவர் ஒரு தளத்திலும் பெறுபவர் இன்னொரு தளத்திலும் வேலை செய்தால், சாவிச்சொல் சரியாக இருந்தும் செய்தி திறக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பெட்டியைப் பெரிதாக்கினால் எழுத்துகள் கட்டத்துக்குள் விழுவதும், பத்திகள் இடம் மாறுவதும், ஒவ்வொன்றாக வெளியேறுவதும் அசைவுக் காட்சியாக ஓடும். வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இருபது முப்பது எழுத்துக்கு அருமை. ஒரு பக்க உரையைக் கொடுத்துவிட்டு அந்தக் காட்சியைத் திறந்து வைத்தால் பொறுமை சோதிக்கப்படும். பெட்டியைச் சுருக்கிவிடுங்கள், விடை உடனே வரும்.

தமிழுக்கு வருவோம். ‘வணக்கம்’ என்பதில் நமக்கு ஐந்து எழுத்து: வ, ண, க், க, ம். யூனிகோட் என்ற எழுத்துக் குறியீட்டு முறைப்படி எண்ணும் கணினிக்கு ஏழு குறி. ‘க்’ என்பது க-வும் புள்ளியும் தனித்தனியாக, ‘ம்’ என்பதும் அப்படியே. இரண்டு தண்டவாளம் கொண்ட ரயில்வேலி முறையில், அதாவது ஒன்றுவிட்டு ஒன்றாக மேலும் கீழும் எழுதி மேல்வரிசையை முதலில் எடுக்கும் முறையில், எழுத்தெழுத்தாகச் செய்தால் கிடைப்பது ‘வக்ம்ணக’. யூனிகோட் குறிகளாகச் செய்தால் ‘வகக்ண்ம’. பின்னதில் ண-வுக்குப் புள்ளி வந்துவிட்டது, ம-வுக்குப் போய்விட்டது. அதே மென்பொருளில் திறந்தால் மூலம் திரும்பிவிடும்தான். பெறுபவர் தாளில் திறக்கப் பார்த்தால் திறக்காது.

இதைவிட மோசமானதும் நடக்கலாம். கலைந்த பின் ஒற்றைக்கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் அடுத்தடுத்து வந்து விழுந்தால், யூனிகோட் சீராக்கம் செய்யும் செயலி அவை இரண்டையும் சேர்த்து ஒரே ஒகரக் குறியாக்கிவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எண்ணிக்கையில் ஒன்று குறைந்துவிடும், பெறுபவரின் கட்டம் அந்த இடத்திலிருந்து நகர்ந்துவிடும். எங்கே தவறு என்று தேடினால் கிடைக்கவே கிடைக்காது. எழுத்துக்கு முன்னால் புள்ளி வட்டம் தோன்றினால் குறிகள் சிதறிவிட்டன என்று அர்த்தம். அந்தச் செய்தியைக் கையால் பார்த்து எழுதி அனுப்பக் கூடாது.

ஆகவே முதல் வேலை, தமிழை எழுத்தெழுத்தாகப் பிரிப்பது. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று எழுதினாலே போதும். விரிதாளில் ஓர் அறைக்கு ஓர் எழுத்து வைக்கலாம். பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஓப்பன்-தமிழ் நூலகத்தில் இதற்கென்றே ஒரு செயல்கூறு இருக்கிறது.

செய்து பார்ப்போம். செய்தி: ‘நாளை மாலை ஆறு மணிக்குப் பழைய பாலத்தில் சந்திப்போம்’. இடைவெளியை நீக்கினால் 25 எழுத்து. சாவிச்சொல் ‘திருவண்ணாமலை’, ஏழு எழுத்து. சாவியின் எழுத்துகளை அகராதி வரிசைப்படி எண்ணிட வேண்டும்: ண் 1, ணா 2, தி 3, ம 4, ரு 5, லை 6, வ 7.

தி | ரு | வ | ண் | ணா | ம | லை
3 | 5 | 7 | 1 | 2 | 4 | 6
நா | ளை | மா | லை | ஆ | று | ம
ணி | க் | கு | ப் | ப | ழை | ய
பா | ல | த் | தி | ல் | ச | ந்
தி | ப் | போ | ம் | – | – | –

எண் 1 உள்ள பத்தியிலிருந்து தொடங்கி மேலிருந்து கீழாக எடுத்து, ஐந்தைந்தாகப் பிரித்தால்:

லை ப் தி ம் ஆ / ப ல் நா ணி பா / தி று ழை ச ளை / க் ல ப் ம ய / ந் மா கு த் போ

ஐந்தைந்தாகப் பிரிப்பது அழகுக்காக அல்ல. தந்திக் காலத்தில் எழுத்து விடுபட்டதா என்று எண்ணிப் பார்க்க வைத்த வழக்கம், இன்றும் அதே வேலையைச் செய்கிறது.

திறப்பவர் முதலில் வகுத்துப் பார்க்க வேண்டும். 25-ஐ 7-ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 4. அப்படியானால் இடப்பக்கத்து நான்கு பத்திகளில் நான்கு எழுத்து, மற்ற மூன்றில் மூன்று எழுத்து. கவனிக்க: இடப்பக்கத்து நான்கு, எண் 1 முதல் 4 வரை உள்ளவை அல்ல. இங்கே நீளமான பத்திகள் 3, 5, 7, 1. இதை மாற்றிப் புரிந்துகொள்வதுதான் கையால் திறப்பவர்கள் செய்யும் முதன்மையான பிழை. கட்டத்தை நிரப்புவதற்கு முன்பே காலியாக விட வேண்டிய மூன்று கட்டங்களில் கோடு போட்டுவிடுங்கள்.

சாவிக்கு எண்ணிடுவதிலும் தமிழுக்கே உரிய ஒரு பொறி உண்டு. அகராதியில் ‘ண்’ முன்னால், ‘ணா’ பின்னால். யூனிகோட் எண்ணை வைத்து வரிசைப்படுத்தும் நிரலில் ‘ணா’ முன்னால், ‘ண்’ பின்னால், ஏனென்றால் புள்ளியின் எண் காலின் எண்ணைவிடப் பெரியது. மெய்களின் வரிசையும் வேறு. நமக்கு ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்து, ற என்பது ர-வுக்கு அடுத்து, பிறகு ல, ள, ழ, கடைசியில் வ. அனுப்புபவர் நிரலையும் பெறுபவர் அகராதியையும் நம்பினால் மேலுள்ள செய்தியில் இரண்டு பத்திகள் மட்டும் கலங்கும். முதல் வரிசை ‘நா ளை மா ஆ ப் று ம’ என்று திறக்கும். இப்படிப் பாதி புரிந்து பாதி புரியாமல் ஒரு செய்தி திறந்தால் சாவி தவறு என்று தூக்கிப் போடாமல் எண்ணிட்ட வரிசையைச் சரிபாருங்கள். சாவிச்சொல்லோடு எண் வரிசையையும் (இங்கே 3-5-7-1-2-4-6) முன்கூட்டியே நேரில் ஒப்பிட்டுக்கொள்வது இன்னும் நல்லது. ஒரே எழுத்து சாவியில் இரண்டு முறை வந்தால் இடப்பக்கத்ததற்கு முதல் எண் என்பது உலக வழக்கம்.

இந்த எண்ணிடும் சிக்கல் தமிழுக்கு மட்டும் வந்ததல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் இரகசியப் போர் அமைப்பான எஸ்.ஓ.ஈ.-யின் உளவாளிகள் மனப்பாடக் கவிதையிலிருந்து சொற்களை எடுத்து, கலைத்ததையே இன்னொரு முறை கலைக்கும் இரட்டை இடமாற்றம் செய்தார்கள். சாவிக்கு எண்ணிடுவதில் வந்த பிழைகளால் திறக்கவே முடியாத செய்திகள் லண்டனில் குவிந்தன. அங்கே மறையெழுத்துப் பிரிவைக் கவனித்த லியோ மார்க்ஸ், அவற்றை மீண்டும் அனுப்பச் சொன்னால் உளவாளி பிடிபடுவார் என்பதால், எந்த எண் இடம் மாறியிருக்கும் என்று ஊகித்து ஊகித்துத் திறக்கும் வேலைக்கு ஒரு குழுவையே பயிற்றினார். பிறகு கவிதையைக் கைவிட்டு, ஆயத்தச் சாவிகளைப் பட்டுத் துணியில் அச்சிட்டுக் கொடுக்க வைத்தார்.

தமிழ்ச் செய்தியைக் கிரிப்டூல் 2-க்குள் எப்படிக் கொண்டுபோவது? இடமாற்றத்துக்கு எழுத்து என்னவென்று தெரியத் தேவையில்லை, எத்தனையாவது என்று தெரிந்தால் போதும். எனவே தமிழைக் கொடுக்காமல் இடக்குறிகளைக் கொடுங்கள். 25 எழுத்துக்கு ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ முதல் ஒய் வரை வரிசையாகத் தட்டுங்கள். சாவியாக 3-5-7-1-2-4-6 என்ற எண்களுக்கு ஈடாக சி, ஈ, ஜி, ஏ, பி, டி, எஃப் என்று சேர்த்துத் தட்டுங்கள். விடை டி, கே, ஆர், ஒய் என்று தொடங்கினால் மூன்று அமைப்புகளும் சரி. டி, ஈ, ஏ, எஃப் என்று தொடங்கினால் வெளியே எடுப்பது வரிசையாக நிற்கிறது, பத்திக்கு மாற்றுங்கள். பிறகு டி என்றால் நான்காவது எழுத்து, கே என்றால் பதினொன்றாவது எழுத்து என்று நோட்டிலிருந்து தமிழ் எழுத்தைப் பொருத்தினால் வேலை முடிந்தது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண் இலக்கம் மூன்றையும் சேர்த்தால் 62 எழுத்து வரை இந்த வித்தை போதும். அதற்கு மேல் போனால் விரிதாள்தான் வசதி, அல்லது தங்கிலீஷில் எழுதிவிடலாம். எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறினாலும் படிக்கப்போவது மனிதர் என்பதால் குறையில்லை.

ஒட்டும்போது ஒரு எச்சரிக்கை. உரையின் கடைசியில் தெரியாமல் ஒட்டிக்கொண்டு வரும் என்டரும் ஓர் எழுத்தாக எண்ணப்படும். விண்டோஸில் அது இரண்டு எழுத்து. இடைவெளியும் அப்படியே. கட்டம் கலைந்ததற்குக் காரணம் புரியவில்லை என்றால் முதலில் கர்சரை உரையின் கடைசிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

மீதிக் கட்டங்களை ஃ போன்ற அரிய எழுத்தால் நிரப்பும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அவை பத்திகளின் முடிவை உடைப்பவருக்குக் கை காட்டிக் கொடுக்கும். காலியாக விடுவதே பாதுகாப்பு. கட்டாயம் நிரப்ப வேண்டுமென்றால் அடிக்கடி வரும் சாதாரண எழுத்துகளைப் போடுங்கள்.

இனி உடைக்கும் பக்கம். கிரிப்டூல் 2-ல் இடமாற்றப் பகுப்பாய்வுப் பெட்டி ஒன்று இருக்கிறது. எல்லாச் சாவியையும் முயல்வது, தெரிந்த சொல்லை வைத்துத் தேடுவது, மரபணு வழிமுறை, மலையேறும் வழிமுறை என்று நான்கு விதம். எல்லாவற்றையும் முயல்வது எங்கே நிற்கும் என்பது எளிய கணக்கு: ஏழு எழுத்துச் சாவிக்கு 5,040 வரிசைகள், பத்துக்கு 36,28,800, பன்னிரண்டுக்கு 47,90,01,600. பத்துக்கு மேல் போனால் மலையேற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏதோ ஒரு வரிசையில் தொடங்கி, இரண்டு பத்திகளை மாற்றிப் பார்த்து, மொழி போலத் தோன்றும் அளவு கூடினால் வைத்துக்கொண்டு, குறைந்தால் பழையதற்கே திரும்பும். ‘மொழி போல’ என்பதை ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு போன்ற மொழிகளில் எழுத்துகள் அடுத்தடுத்து வரும் புள்ளிவிவரத்தை வைத்து மதிப்பிடுகிறது. ஆங்கிலச் செய்தி கணிசமான நீளத்தில் இருந்தால் பிரமாதமாக உடைக்கும். தமிழ்ச் செய்திக்கு இந்தப் பெட்டி உதவாது. தங்கிலீஷ் உரைக்கும் ஆங்கிலப் புள்ளிவிவரம் பொருந்தாது. இது இந்த மென்பொருளின் பெரிய குறை.

ஆனால் தமிழை உடைக்க மென்பொருள் அவ்வளவாகத் தேவையும் இல்லை. மேலே பூட்டிய செய்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு பத்தி என்று ஊகித்து, எந்த நான்கு நீளம் என்ற 35 வாய்ப்புகளில் சரியானதை வைத்துப் பத்திகளை வெட்டிவிட்டால், மெய்யெழுத்துகளே மீதியைக் காட்டிக் கொடுக்கும். க்-குக்குப் பின் க வரிசை, த்-துக்குப் பின் த வரிசை, ப்-புக்குப் பின் ப வரிசைதான் வரும். ‘ளை க் ல ப்’ பத்தியின் பக்கத்தில் ‘மா கு த் போ’-வை வைத்தால் இரண்டாம் வரிசையில் ‘க்கு’, நான்காம் வரிசையில் ‘ப்போ’ இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்தும். அதன் பக்கத்தில் ‘லை ப் தி ம்’ வைத்தால் ‘த்தி’. அதன் பக்கத்தில் ‘ஆ ப ல்’ வைத்தால் ‘ப்ப’. ஏழு பத்தியில் நான்கு, பேனாவை எடுத்த சூட்டிலேயே ஒட்டிவிட்டன. போதாததற்கு ‘ஆ’ என்ற உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் வரும் என்பதால் அங்கே ஒரு சொல் தொடங்குகிறது என்றும் தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தைவிடத் தமிழ் ஒற்றை இடமாற்றத்தில் பலவீனமாகப் பூட்டப்படுகிறது. மெய்யெழுத்துகளின் புள்ளியை நீக்கிவிட்டு எழுதினால், ஓலைச்சுவடியில் புள்ளியில்லாமல் எழுதியது போல, உடைப்பவருக்குக் கொஞ்சம் கடினமாகும். பெறுபவருக்கும் கொஞ்சம் கடினமாகும்.

இரண்டு சாவிகளால் இரண்டு முறை கலைப்பதே இதற்கு மரபான மருந்து. கிரிப்டூல் 2-ல் இரண்டு இடமாற்றப் பெட்டிகளை அடுத்தடுத்து வைத்துக் கம்பி இழுத்தால் ஆயிற்று. சாவிகளின் நீளம் வேறுவேறாக இருக்கட்டும், ஒரே சாவியை இரண்டு முறை போட வேண்டாம். ஒரே சாவியில் ஒரே நீளமுள்ள இரண்டு செய்திகளை அனுப்பவே கூடாது. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பத்திகளைச் சேர்த்தே நகர்த்தி இரண்டிலும் ஒரே சமயத்தில் சொல் தோன்றும் வரிசையைத் தேடலாம். இரட்டை இடமாற்றமும் அதிலிருந்து தப்பாது.

நீண்ட சாவி போட்ட இரட்டை இடமாற்றம் கணினிக் காலத்திலும் வெகுநாள் தாக்குப்பிடித்தது. 20 முதல் 25 எழுத்துச் சாவிகளோடு ஜெர்மனியின் கிளாவ்ஸ் ஷ்மே 2007-ல் வெளியிட்ட சவாலை, இஸ்ரேலைச் சேர்ந்த ஜார்ஜ் லாஸ்ரி 2013-ல் தன் கணினி நிரலால் உடைத்தார். பிறகு அவரும் கிரிப்டூல் 2 குழுவின் நில்ஸ் கோபாலும் ஆர்னோ வாக்கரும் சேர்ந்து அந்த வழிமுறையை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள். பகுப்பாய்வுப் பெட்டிகள் இவ்வளவு கூர்மையாக இருப்பதற்கு இந்தத் தொடர்பு ஒரு காரணம். கடவுச்சொல், வங்கி விவரம் எதையும் இந்த முறைகளால் பூட்டாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். விளையாட்டு, பாடம், புதிர் மூன்றுக்கு மட்டும்.

முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் பயன்படுத்திய ஏ-டி-எஃப்-ஜி-வி-எக்ஸ் முறைக்கும் தனிப் பெட்டியும் தனிப் பகுப்பாய்வுப் பெட்டியும் உண்டு. 1918 மார்ச்சில் ஐந்தெழுத்தோடு வந்து ஜூனில் வி சேர்ந்தது. ஒவ்வொரு எழுத்தையும் இரண்டாக உடைத்துவிட்டுப் பத்திகளைக் கலைக்கும் இந்த முறையை பிரான்சின் ஜார்ஜ் பான்வான் உடைத்தார். இடமாற்றத்தை நன்றாகப் புரிந்துகொண்ட பிறகு திறக்க வேண்டிய பெட்டி இது, முதல் நாளில் அல்ல.

போட்டியாளர்கள்? பிரிட்டனின் உளவு அமைப்பான ஜி.சி.எச்.கியூ. 2016-ல் வெளியிட்ட சைபர்செஃப் வேகமானது, உலாவிக்குள்ளேயே ஓடுவது, தரவிறக்கி இணையமில்லாமலும் வைத்துக்கொள்ளலாம். அதில் ரயில்வேலிக்குத் தண்டவாள எண்ணிக்கையோடு தொடக்க இடத்தையும் கொடுக்கலாம், சீசர் பாக்ஸ் என்ற கட்ட இடமாற்றமும் இருக்கிறது. ஆனால் கட்டம் கண்ணில் தெரியாது, ஆகவே பிழை எங்கே என்றும் தெரியாது. பிரெஞ்சுத் தளமான டிகோட் சின்னச் சின்னப் புதிர்களுக்கு மிக வசதி, பல முறைகளை அடுத்தடுத்து முயலலாம், விளம்பரங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் மட்டும் பார்ப்பவர்களுக்குக் கிரிப்டூல் ஆன்லைன் போதும். ஸ்பார்ட்டாவின் கோலில் சுற்றிய தோல்வார் முறையும் ரயில்வேலியும் அங்கேயே செய்து பார்க்கலாம்.

பள்ளிக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் மென்பொருளுக்கு முன் அட்டையில் சுழல் சல்லடை (துளைகள் வழியே எழுதி, திருப்பித் திருப்பி வைக்கும் அட்டை) ஒன்று வெட்டிக் கொடுங்கள். ஆறுக்கு ஆறு கட்டம், ஒன்பது துளை, கால் சுற்றாகத் திருப்பி நான்கு நிலைகளிலும் எழுதினால் 36 எழுத்தும் நிரம்பும். துளை வெட்டும் முன் கால் பாகத்து ஒன்பது கட்டங்களுக்கு எண் போட்டு, அட்டையைத் திருப்பித் திருப்பி மற்ற மூன்று பாகங்களுக்கும் அதே எண்களைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு எண்ணிலும் ஏதாவது ஒரு கட்டத்தை மட்டும் வெட்ட வேண்டும். இதைச் செய்யாமல் கண்போன போக்கில் வெட்டினால் ஒரே கட்டத்தில் இரண்டு எழுத்து வந்து மோதும். தமிழ் எழுத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கட்டம் போதாது, ‘ணை’யும் ‘ஞௌ’வும் துளைக்குள் அடங்காது. ஒன்றரை சென்டிமீட்டர் வையுங்கள்.

நிறுவும்போது இரண்டு பதிப்பு தென்படும்: நிலையான பதிப்பு, ஒவ்வோர் இரவும் தானாக உருவாகும் நைட்லி. வகுப்பறைக் கணினிகளுக்கு நிலையானதைப் போடுங்கள். நிறுவும் உரிமை இல்லாத கணினியில் ஜிப் கோப்பை விரித்து அப்படியே ஓட்டலாம். இடைமுகம் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் இருக்கிறது, தமிழில் இல்லை. பெட்டியைத் தேர்ந்தெடுத்து எஃப்1 அழுத்தினால் அந்தப் பெட்டிக்கான விளக்கம் திறக்கும்.